லைனுக்குள் மட்டும்

வெயிலில் விசாரிக்க வந்திருக்கிறீர்கள், முதலில் தண்ணீர் குடியுங்கள். நல்ல தண்ணீர்தான், போர் தண்ணீர் இல்லை. குழாயில் வரும் நாளில் பிடித்துப் பானையில் ஊற்றி வைத்துவிடுவேன். ஃபிரிட்ஜ் இருக்கிறது, ஆனால் அதில் தண்ணீர் வைப்பதில்லை. தொண்டைக்கு ஆகாது.

மின்விசிறிச் சத்தம் இடைஞ்சலாக இருந்தால் சொல்லுங்கள், நிறுத்திவிடலாம். அவிநாசியில் இந்தத் தெருவைத் தேடிக் குடிவந்ததே சத்தமில்லாமல் இருக்கும் என்றுதான். கல்லூரி விட்டு வந்தால் படிப்பேன். படித்த பக்கத்தைப் பற்றி யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பேச ஆள் கிடையாது, தேடியதும் கிடையாது. பிள்ளைகள் எனக்குக் ‘கமா சார்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வாக்கியத்தின் நடுவில் நான் நிறுத்தினால் அடுத்த சொல் வருவதற்குள் பெல் அடித்துவிடுமாம். அது உண்மைதான். மௌனம் எனக்குப் பிடிக்கும். நாம் பேசாமல் இருக்கும்போது எதிரில் இருப்பவர்கள் தங்களுக்கு வேண்டியதை அதில் தாங்களே நிரப்பிக்கொள்கிறார்கள். அப்போது அவர்கள் யார் என்று தெரிந்துவிடுகிறது.

ராமுத்தாயின் சாவில் எனக்கு என்ன பங்கு என்று கேட்கிறீர்கள். நான் அந்தக் கம்பெனியில் வேலை பார்ப்பவன் அல்ல. அயர்ன் பாக்ஸைத் தொட்டதில்லை. யாரையும் நிற்கவோ உட்காரவோ சொன்னதில்லை. நான் புள்ளியியல் வாத்தியார். ஒரு கணக்குக்கு எந்த முறையைக் கையாள்வது என்று தேர்ந்தெடுத்தேன், அவ்வளவுதான். எப்படித் தேர்ந்தெடுத்தேன் என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். அவசரப்படாமல் கேட்டால் உங்களுக்கும் நியாயமாகத்தான் படும்.

மங்கலம் ரோட்டில் வெள்ளியங்கிரியின் பனியன் கம்பெனி இருப்பது உங்களுக்குத் தெரியும். அங்கே தையல் எல்லாம் லைன் லைனாக நடக்கும். முப்பது சொச்சம் பேர் ஒரு லைன். ஒருத்தி தோள் மூட்டுவாள், அடுத்தவள் கழுத்து வைப்பாள், அதற்கடுத்தவள் கை வைப்பாள். துணி ஆள் மாறி ஆள் மாறிப் போய்க்கொண்டே இருக்கும். நடுவில் ஒருத்தி எழுந்தால் அவளுக்குப் பின்னால் இருப்பவர்கள் எல்லோரும் கை கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். அதனால் லைனுக்கு ஒரு சிவப்பு அட்டை வைத்திருந்தார்கள். சூப்பர்வைசர் மேஜை ஓரத்தில் ஆணியில் தொங்கும். அட்டையை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் பாத்ரூம் போகலாம். ஒருத்தி திரும்பி வந்து மாட்டினால்தான் அடுத்தவள் எடுக்கலாம். இது பழைய வழக்கம். இதனால் மட்டும் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

பிறகு வெள்ளியங்கிரியின் மகன் நித்தீஷ் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்து ஒரு திட்டம் போட்டான். வார இலக்கை முடிக்கும் லைன் சனிக்கிழமை மதியமே வீட்டுக்குப் போகலாம். காசு கீசு கிடையாது, அரைநாள் மட்டும். பனியன் கம்பெனிப் பெண்களுக்குச் சனிக்கிழமை அரைநாள் என்றால் என்ன என்று நான் சொல்லத் தேவையில்லை. துணி துவைக்கலாம், பிள்ளைக்குத் தலைக்கு ஊற்றிவிடலாம், சந்தைக்குப் போகலாம், சும்மா படுக்கலாம். முதலில் சில லைன்களுக்கு மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். சூப்பர்வைசர்களுக்கு வேலையே இல்லாமல் போயிற்று. அதட்டுகிற வேலையை லைனே செய்துகொண்டது. சிவப்பு அட்டை பக்கம் ஒருத்தி கையை நீட்டினால் முப்பது பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்தக் கோடையில் பெண்கள் மயங்கி விழ ஆரம்பித்தார்கள். துணி வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் காதுக்கு அது போய்விட்டது. வெள்ளியங்கிரி என்னைக் கூப்பிட்டார். அம்மாவழித் தாத்தாவான என் அப்புச்சியும் அவரும் ஒரே ஊர்க்காரர்கள்.

“ஏனுங்க வாத்தியாரே, தண்ணி குடிக்காதீங்கன்னு நானுங்களா சொன்னேன்? கேனு கேனா எறக்கி வெச்சிருக்கறனுங்க. இந்தப் பொண்டு புள்ளைக குடிக்கமாண்டீங்குதுக. சனிக்கெழமைத் திட்டத்துனாலதான் மயங்கி உழுகுதுகளான்னு வெளிநாட்டுக்காரன் மெயில் மேல மெயிலு போடறான். நீங்க முறையாக் கணக்குப் பாத்து ஒரு வார்த்தை சொல்லிப்போட்டீங்கன்னா தேவலைங்க.”

“என்ன வார்த்தைங்க?” என்று கேட்டேன்.

“எதா இருந்தாலுஞ் சரீங்க. ஆமான்னா ஆமா, இல்லைன்னா இல்லை. உங்கள எனக்குத் தெரியாதுங்களா?”

இதைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர் என்னிடம் பொய் கேட்கவில்லை. பணமும் பேசவில்லை. உங்கள் சந்தேகம் அந்தப் பக்கம் போகிறது என்றால் திருப்பிக்கொள்ளுங்கள்.

கள வேலைக்கு என்னிடம் எம்.எஸ்ஸி. முடித்த சுப்புலட்சுமியைச் சேர்த்துக்கொண்டேன். அவளுடைய அம்மா ராமுத்தாய் அதே கம்பெனியில் ஃபினிஷிங்கில் அயர்ன் போடுபவள். தேனிப் பக்கம். புருஷன் போன பிறகு மகளைத் தூக்கிக்கொண்டு திருப்பூர் வந்தவள். சுப்புலட்சுமி அங்கே வளர்ந்த பெண் என்பதால் லைன்காரர்கள் அவளிடம் மறைக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். மறைக்கவில்லை. ஒவ்வொருத்தியின் பாட்டிலிலும் மார்க்கரால் கோடு போட்டு, காலையில் எவ்வளவு, மாலையில் எவ்வளவு என்று பார்த்து வந்தாள். யாருக்குத் தலை சுற்றியது, யார் விழுந்தது, யார் சாப்பிடாமல் வந்தது எல்லாம் வந்தது. சுத்தமான தரவு. அப்படி ஒரு தரவு என் கைக்கு அதற்கு முன்னால் வந்ததில்லை.

இப்போது கணக்குக்கு வருகிறேன். பயப்படாதீர்கள், எளிதுதான்.

திட்டம் ஒரு முனை. மயக்கம் மறு முனை. நடுவில் தண்ணீர். திட்டம் வந்ததால், அட்டையைத் தொடப் பயந்து தண்ணீர் குடிப்பது குறைந்ததா, தண்ணீர் குறைந்ததால் மயக்கம் வந்ததா, அதாவது இந்த வழியாகத்தான் அது அங்கே போய்ச் சேர்கிறதா என்று பார்ப்பதை மீடியேஷன் என்போம். ஆட்கள் தனித்தனியாக இருந்தால் சுலபம். ஆனால் இவர்கள் லைனுக்குள் இருக்கிறார்கள். ஒரு லைனுக்கு ஒரு சூப்பர்வைசர், ஒரு கூரைத் தகடு, ஒரு அட்டை. ஒரே லைன்காரர்கள் ஒருவர் மாதிரி ஒருவர் ஆகிவிடுவார்கள். அதனால் எல்லோரையும் ஒரே குவியலாகக் கொட்டிக் கணக்குப் போட்டால் இல்லாத உறுதி இருப்பது போலத் தெரியும். அது தவறு. இதை என் அறிக்கையில் மூன்று பக்கத்துக்கு எழுதினேன். ஒரு தவறைப் பெரிதாகக் காட்டினால் அதன் பக்கத்தில் நிற்பது நேர்மை போலத் தெரியும்.

குவியலை விட்டால் இரண்டு வழி. ஒன்று, அந்தந்த லைனுக்குள் மட்டும் ஒருத்தியை இன்னொருத்தியோடு ஒப்பிடுவது. லைனின் சராசரியைக் கழித்துவிட்டு, யார் தன் லைன்காரர்களைவிடக் குறைவாகக் குடித்தாள் என்று மட்டும் பார்ப்பது. இன்னொன்று, இரண்டாகப் பிரித்து இரண்டையும் பார்ப்பது. லைனுக்கும் லைனுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு கணக்கு, லைனுக்குள் ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசம் ஒரு கணக்கு.

ஒரு கிணற்றில் விஷம் கலந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தண்ணீரைக் குடித்த ஊர்க்காரர்களை ஒருவரோடு ஒருவர் ஒப்பிட்டுப் பார்த்தால் விஷம் தெரியாது. எல்லோருமே குடித்திருக்கிறார்கள். பக்கத்து ஊர்க் கிணற்றுக்காரர்களோடு வைத்துப் பார்த்தால்தான் தெரியும். சனிக்கிழமைத் திட்டம் ஆளுக்குக் கொடுத்தது அல்ல, லைனுக்குக் கொடுத்தது. அதன் விளைவு லைனுக்கும் லைனுக்கும் நடுவில்தான் இருக்கும். லைனுக்குள் மட்டும் தேடினால் அந்த வழி பூஜ்யம் என்று வரும். தேடிப் பார்த்து வரும் பூஜ்யம் அல்ல. தரவைத் தொடும் முன்பே எழுதி வைத்துவிடக்கூடிய பூஜ்யம்.

இது எனக்குத் தெரியாமல் இருந்திருக்குமோ என்று நீங்கள் யோசிப்பது தெரிகிறது. இதை நான் வகுப்பில் நடத்துகிறேன்.

சுப்புலட்சுமிக்கும் தெரிந்திருந்தது. என்னிடம் படித்தவள்தானே. ஒரு மதியம் இந்த வீட்டுக்கே லேப்டாப்போடு வந்தாள். நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலிதான்.

“சார், ஆளாளாப் பாத்தா ஒண்ணுமே தெரியல சார். லைன் லைனாப் பாத்தாப் பளிச்சுனு தெரியுது. திட்டம் இருக்கற லைன்ல சாயங்காலம் பாட்டிலெல்லாம் நெறைஞ்சு கெடக்கு. அங்கதான் விழுவுறாங்க.”

நான் படத்தைப் பார்த்தேன். பளிச்சென்றுதான் இருந்தது.

“லைன் எண்ணிக்கை கம்மி கண்ணு. இத வெச்சு உறுதியாச் சொல்ல முடியாது” என்றேன். அது பொய் அல்ல. லைன்கள் குறைவாக இருந்தால் லைனுக்கு இடையிலான கணக்கில் நிச்சயமின்மை அதிகம். எந்தப் புத்தகத்திலும் இருக்கும்.

“நிச்சயம் கம்மின்னு எழுதியே குடுக்கலாம்ல சார். ரெண்டையும் குடுத்துட்டா அவங்களே பாத்துக்குவாங்க.”

வெளியே வெங்காயம் விற்கிற வண்டிக்காரன் ஒலிபெருக்கியோடு வந்து, நின்று, போனான். அதுவரை நான் பேசவில்லை. அவள் என் மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள். “சரிங்க சார், நான் ரெண்டையும் உங்களுக்கு அனுப்பி வெக்கறேன்” என்று எழுந்து போனாள். அனுப்பியும் வைத்தாள்.

இரண்டையும் கொடுத்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். நடுவில் நான் ஒரு காட்சியைப் பார்க்காமல் இருந்திருந்தால்.

மங்கலம் நாற்சந்தியில் இருக்கும் பேக்கரியில் டீ குடிக்க இறங்கினேன். சுப்புலட்சுமி ஓரமாக நின்று சகாயராஜிடம் பேசிக்கொண்டிருந்தாள். சகாயராஜ் லேபர் கான்ட்ராக்டர். வெள்ளியங்கிரியோடு சண்டை போட்டுக்கொண்டு பத்திருபது டெய்லர்களைச் சாமளாபுரத்துக்கு இழுத்துக்கொண்டு போனவன். வெள்ளியங்கிரியின் பெயர் கெட்டால் அவனுக்கு விருந்து. நான் பார்ப்பதைக் கண்டதும் இருவரும் பேச்சை நிறுத்தினார்கள். அவன் வணக்கம் சொன்னான். அவள், “ஒண்ணுமில்ல சார், தெரிஞ்சவங்க” என்றாள்.

என்னவென்று நான் கேட்கவே இல்லையே.

அந்த டீயை நான் முழுதும் குடிக்கவில்லை. எனக்கு முன்பே ஒரு அனுபவம் உண்டு. ஒரு மாணவன், என் வீட்டில் சாப்பிட்டவன், நான் இரண்டு வருஷம் பாடுபட்ட பகுப்பாய்வைத் தன் பெயரில் வெளியிட்டான். கேட்டபோது, “ஒண்ணுமில்ல சார்” என்றுதான் ஆரம்பித்தான். ஒரு மனிதர் துரோகம் செய்வதற்கு முன்னால் எப்படி நிற்பார், கண் எங்கே போகும் என்பதெல்லாம் அதற்குப் பிறகு எனக்குப் பாடம். சுப்புலட்சுமி அப்படித்தான் நின்றாள். கணக்கை அவனிடம் கொடுக்கப்போகிறாள், அல்லது கொடுத்தேவிட்டாள் என்று தோன்றியது. ஆனால் தோன்றுவதை வைத்து ஒருவரைக் குற்றம் சொல்வது என் வழக்கம் இல்லை. சோதித்துப் பார்க்க வேண்டும்.

ஆகவே முறையைத் தேர்ந்தெடுத்தேன். வெள்ளியங்கிரிக்குக் கொடுத்த அறிக்கையில் லைனுக்குள் ஒப்பிட்ட கணக்கு மட்டும் இருந்தது. சனிக்கிழமைத் திட்டத்தால் தண்ணீர் வழியாக மயக்கம் வருகிறது என்பதற்குச் சான்று இல்லை. காலைச் சாப்பாடு இல்லாமல் வருவது போன்ற தனிப்பட்ட காரணங்களைக் கவனிக்கலாம். அவ்வளவுதான் முடிவு. ஒவ்வொரு வாக்கியமும் அதன் இடத்தில் சரி. லைன்களுக்கு இடையிலான படம் உலகத்தில் இரண்டே பேரிடம் இருந்தது, என்னிடமும் அவளிடமும். அது எங்காவது முளைத்தால், யார் விதைத்தது என்று தெரிந்துவிடும்.

அவளிடம் அறிக்கையைக் காட்டவில்லை. “குடுத்தாச்சுங்களா சார்?” என்று கேட்டாள். “குடுத்தாச்சு” என்றேன். அதுவும் பொய் அல்ல.

காத்திருந்தேன். தீபாவளி போயிற்று, பொங்கல் போயிற்று. ஒன்றும் முளைக்கவில்லை. வெள்ளியங்கிரியிடம் பேச்சுவாக்கில் விசாரித்தேன், யாராவது வந்து ஏதாவது கேட்டார்களா என்று. “ஆருங்க வருவாங்க? வெளிநாட்டுக்காரனுக வாய மூடீட்டானுக. ஆர்டரு வந்துருச்சு. எல்லாம் நீங்க பண்ணுன புண்ணியமுங்க” என்றார். சுப்புலட்சுமி எப்போதும் போல வந்தாள், எப்போதும் போலப் பேசினாள். மேற்கொண்டு படிக்க விண்ணப்பிக்கிறேன், நீங்கள்தான் சிபாரிசுக் கடிதம் தர வேண்டும் என்றாள். அந்த அமைதிதான் என்னை உறுத்தியது. மனசில் ஒன்றும் இல்லாதவர்கள் அவ்வளவு அமைதியாக இருப்பதில்லை. எனக்குத் தூக்கம் கெட்டது. புத்தகத்தை விரித்தால் அதே பக்கத்தில் நின்றேன்.

பிறகு ஒருநாள் புரிந்தது. சோதனையில்தான் குறை. அவள் வாயைத் திறப்பதற்கு அவளுக்கு ஒரு காரணம் வேண்டாமா? யாரோ முகம் தெரியாத பெண்கள் விழுகிறார்கள் என்பதற்காக யாரும் தன்னைக் காட்டிக்கொடுக்க மாட்டார்கள். இழக்க ஏதாவது இருக்கிற இடத்தில் வைத்துப் பார்த்தால்தான் ஒரு மனுஷி எப்படிப்பட்டவள் என்று தெரியும்.

மாசியில் வெள்ளியங்கிரியைப் போய்ப் பார்த்தேன். ஆய்வில் லைன்கள் குறைவு என்பது ஒரு பலவீனம், இன்னும் சில லைன்களைத் திட்டத்தில் சேர்த்தால் முடிவு உறுதிப்படும், ஃபினிஷிங் டேபிளையும் ஒரு லைனாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்றேன். முறைப்படி பார்த்தால் நல்ல யோசனை. யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள்.

அவர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

“அங்க ஸ்டீமுங்களே வாத்தியாரே. நின்னுட்டே செய்யற வேலைங்க. இப்பவே சூடு தாங்குறதில்லீங்க, பங்குனி பொறந்தா இன்னும் சாஸ்தியாப் போகுமுங்க. அங்க வேண்டாமுங்களே?”

“தண்ணிக்கும் திட்டத்துக்கும் சம்பந்தமில்லைன்னு நாமதான் பாத்துட்டமேங்க” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். படித்தவர்களைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். “நீங்க சொன்னாச் சரீங்க” என்றார்.

அடுத்த வாரமே ஃபினிஷிங் டேபிளின் பக்கத்துச் சுவரில் ஆணி அடித்துச் சிவப்பு அட்டையைத் தொங்கவிட்டார்கள். சுப்புலட்சுமி போன் செய்தாள். குரல் மாறியிருந்தது.

“சார், அம்மா டேபிளுக்கும் அட்டை வந்துருச்சு. அந்த லைன் கணக்க அவங்க பாத்தாங்களா இல்லையா சார்?”

“பாத்துட்டு இருக்கறாங்க. பொறு கண்ணு.”

“நான் வேணா நேராப் போயி முதலாளிகிட்டச் சொல்லட்டுமா சார்?”

இதற்காகத்தான் நான் காத்திருந்தேன். போ என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். அந்தப் பக்கம் தெருவில் ஏதோ வேன் ஹாரன் அடித்தது. வெகுநேரம் கழித்து அவளே, “வேண்டாம் சார், உங்களத் தாண்டிப் போனா நல்லா இருக்காது. நீங்க பாத்துக்குவீங்க” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

நான் ஏமாற்றமடைந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். அவ்வளவு சாமர்த்தியம் அவளிடம் இருக்கும் என்று நினைக்கவில்லை.

பங்குனியில் ஒருநாள் நானே ஃபினிஷிங்குக்குப் போனேன். டேபிளில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டியது என் பொறுப்பு. ஆவி புகை மாதிரி நின்றது. ராமுத்தாய் நடுவில் நின்று அயர்ன் போட்டுக்கொண்டிருந்தாள். ஜாக்கெட் முதுகில் ஒட்டியிருந்தது. அவளுக்கு அடுத்து நின்ற இளம்பெண் ஒருத்தி, ஜோதிகா என்று பெயர், இவளை வம்புக்கு இழுத்துக்கொண்டிருந்தாள்.

“யக்கா, போன வாரம் நீ அட்டையைத் தூக்கிட்டு ஊர்கோலம் போனதுலதான் சனிக்கெழமை போச்சு. இந்த வாரம் அந்தப் பக்கம் திரும்புனே, அயர்ன் பாக்ஸ வெச்சு மூஞ்சியிலயே இழுத்துருவேன்.”

“இழுடி ஆத்தா, சுருக்கமாவது போகும்” என்றாள் ராமுத்தாய். டேபிளே சிரித்தது. “இந்த வாரம் என்னையச் சொல்லாத. வெள்ளனா வந்ததுல இருந்து ஒரு மடக்குக் குடிச்சுருப்பேனா? பாத்துக்க.” பாட்டிலை எடுத்துத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினாள். கழுத்துவரை நிறைந்திருந்தது. பரிசுக் கோப்பையைத் தூக்குவது போலத் தூக்கினாள். அதில் மகள் போட்ட மார்க்கர் கோடு இன்னும் அழியாமல் இருந்தது.

அப்போதுதான் என்னைப் பார்த்தாள்.

“அய்யய்ய, சார் வந்துருக்காக, நாங்க பாட்டுக்குப் பேசிக்கிட்டிருக்கோம். எங்க பாப்பா எந்நேரமும் உங்க பேச்சுத்தான் சார். எங்க சார் இருக்காரு, எல்லாம் பாத்துக்குவாருங்குது.” பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, “வேர்த்து ஊத்துதே, இந்த வேக்காட்டுக்குள்ள எதுக்கு வந்தீக? இந்தாங்க, தண்ணி குடிங்க. நான் வாய் வைக்கல சார், அப்படியேதான் கெடக்கு” என்றாள்.

வாங்கிக் குடித்தேன். எனக்குத் தாகமாக இருந்தது. பாதிக்கு மேல் குடித்திருப்பேன்.

ஏன் தம்ளரைக் கீழே வைத்துவிட்டீர்கள்? குடியுங்கள்.

அதற்கடுத்த சில நாள்களில்தான் அது நடந்தது. வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை அரைநாள் கிடைக்கும் என்பது ஏறக்குறைய முடிவாகியிருந்த வாரம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவளுக்குப் பேச்சுக் குழறியதாம். தூக்கம் என்று நினைத்துச் சிரித்திருக்கிறார்கள். பிறகு டேபிளிலேயே சாய்ந்திருக்கிறாள். ஆஸ்பத்திரியில் சூடு என்றார்கள், உடம்பில் உப்பு ஏறிவிட்டது என்றார்கள், கிட்னி என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை விடியலில் போய்விட்டாள். அந்த டேபிளுக்கு அந்த வாரம் அரைநாள் கிடைக்கவில்லை.

சாவுக்குப் போனேன். போகாமல் இருந்தால் நன்றாக இருக்காது. சகாயராஜ் பந்தலுக்கு வெளியே நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் அவனாகவே வந்து பேசினான்.

“பாவம் சார். சித்திரைத் திருவிழாவுக்கு ஊருக்குப் போயிட்டு வந்து நம்ம யூனிட்டுக்கு வர்றதா இருந்துச்சு அக்கா. அந்தத் தங்கச்சி போன வருஷமே வந்து கேட்டுச்சு, எங்கம்மாவுக்கு சூடு இல்லாத வேலை எதுனா இருந்தாச் சொல்லுங்கண்ணேன்னு. கட்டிங்ல ஒரு எடம் காலியாவட்டும்னு நான்தான் இழுத்துட்டேன். வெள்ளியங்கிரி ஐயாவுக்குத் தெரிஞ்சாச் சங்கடம்னு வெளிய சொல்லாம இருந்துச்சு.”

பேக்கரியில் பேசியது அதுதான் என்கிறான். இருக்கலாம். அவன் சொல்வதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதைப் பேசினார்கள் என்பதால் இதைப் பேசவில்லை என்று ஆகிவிடாது. ஒரு விளைவுக்கு ஒரு வழிதான் இருக்க வேண்டும் என்று எந்தக் கணக்கிலும் இல்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு சுப்புலட்சுமி இங்கே வந்தாள். உட்காரவில்லை. தண்ணீர் கொடுத்தேன், வாங்கவில்லை.

“சார், நான் அனுப்புன ரெண்டு கணக்குல எதக் குடுத்தீங்க?”

நான் பேசவில்லை.

வழக்கமாக யாராவது அந்த இடத்தை நிரப்பிவிடுவார்கள். அவள் நிரப்பவில்லை. நின்றுகொண்டே இருந்தாள். வெயில் அந்த ஜன்னலில் இருந்து இந்தச் சுவருக்கு வந்தது. கடைசியில் நான்தான் சொன்னேன், “லைனுக்குள்ள பாத்தது மட்டுந்தான் கண்ணு.”

“அம்மா டேபிளச் சேக்கச் சொன்னதும் நீங்கதானாம். ஐயா சொன்னாரு.”

“ஆமா.”

“எதுக்கு சார்?”

அதற்கும் பதில் சொன்னேன், இப்போது உங்களிடம் சொன்னது போலவே, ஒன்றுவிடாமல், பேக்கரியில் இருந்து ஆரம்பித்து. அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. என்னை ஏதோ புரியாத எழுத்தைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டு போனாள். நேராக உங்களிடம்தான் வந்திருக்கிறாள், அந்தப் படத்தையும் எடுத்துக்கொண்டு.

ஆகவே பாருங்கள், நான் சந்தேகப்பட்டது வீண் இல்லை. அந்தக் கணக்கை அவள் வெளியே கொடுத்துவிட்டாள். நீங்கள் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பதே அதற்குச் சான்று. கொஞ்சம் தாமதமானது, அவ்வளவுதான்.

எழுதிக்கொள்ளுங்கள். எது சரியான முறை என்று தெரிந்தே மற்றதைத் தேர்ந்தெடுத்தேன். அதைக் காட்டி அந்த டேபிளுக்கு அட்டையை வரவழைத்தேன். அங்கே நிற்பவள் யாருடைய அம்மா என்று தெரிந்துதான் செய்தேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். ஆனால் கொன்றேன் என்று எழுதினால் அது துல்லியமாக இருக்காது. துல்லியம் இல்லாத எதிலும் நான் கையெழுத்துப் போட்டதில்லை.

ஏனென்றால் அன்று அந்த டேபிளில் ராமுத்தாய் மட்டும் நிற்கவில்லை. எல்லோருக்கும் அதே ஆவி, அதே வெயில், அதே சிவப்பு அட்டை. இடப்பக்கம் நின்றவளும் விடிந்ததில் இருந்து தண்ணீர் குடிக்கவில்லை. வலப்பக்கம் நின்ற ஜோதிகாவும் குடிக்கவில்லை. அவர்கள் எல்லோரும் மாலையில் வேன் ஏறி வீட்டுக்குப் போனார்கள். ஒருத்தியோடு ஒருத்தியை வைத்து நீங்களே பாருங்கள். நான் பலமுறை பார்த்துவிட்டேன். வித்தியாசம் அவள் உடம்பில்தான் இருந்திருக்க வேண்டும்.